பழைய பிரிட்டிஷ் மலை சைக்கிள் ஃபிரேம்: வாங்கி, பிரித்து, சில வருஷம் ஓட்டியபின்

விற்றவர் இது மடி ஃபாக்ஸ் (Muddy Fox) என்ற பிரிட்டிஷ் மலை சைக்கிள் கம்பெனியுடையது என்றார், குழாயில் அந்தக் கம்பெனியின் பாதச்சுவடு ஸ்டிக்கரும் இருந்தது. 2020 ஊரடங்கு சமயம், ஷெஃபீல்டில் எந்தக் கடையிலும் புது சைக்கிள் இல்லை, 60 பவுண்டுக்கு ஓடுகிற நிலையில் ஒன்று கிடைத்ததே பெரிது என்று வாங்கிவிட்டேன். அன்றிலிருந்து வேலைக்குப் போவதும் வாரக்கடைசியில் மேடேறுவதும் இதில்தான். ஆனால் இது மடி ஃபாக்ஸ் இல்லை.

ஸ்டிக்கர் யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். எண்பதுகளின் கடைசியில் இங்கிலாந்துப் பையன்களுக்கு அந்தப் பாதச்சுவடு மேல் ஒரு மோகம், கண்ட சைக்கிளிலும் ஒட்டிவைத்திருப்பார்கள். இன்னொன்று, பிரிட்டிஷ் பெயர் இருந்தால் பிரிட்டனில் செய்த ஃபிரேம் என்றும் அர்த்தமில்லை. மடி ஃபாக்ஸின் புகழ்பெற்ற 'கூரியர்' மாடலே ஜப்பானில் செய்து வந்ததுதான். அப்புறம் தைவான் சரக்கு. ஆகவே பெயரை விட்டுவிட்டு, நுணுக்கமாக அளக்கும் வெர்னியர் காலிப்பரை எடுங்கள்.

முதலில் முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கைக் கழற்றி, ஹெட்செட்டின் (ஃபோர்க் திரும்ப உதவும் பேரிங்) அடி வளையம் உட்காருகிற இடத்தை அளந்தேன். ஒரு அங்குல ஃபோர்க்கில் ஜப்பான்காரர்கள் அந்த இடத்தை 27.0 மில்லிமீட்டர் வைப்பார்கள், ஐரோப்பிய வழக்கம் 26.4. என்னுடையது 26.4. 'பாட்டம் பிராக்கெட்டில் (பெடல் அச்சு சுழலும் இடம்) பிரிட்டிஷ் மரை இருக்கிறது, அதனால் பிரிட்டிஷ் ஃபிரேம்' என்று சொல்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன்; ஜப்பான், தைவான் ஃபிரேம்களிலும் அதே மரைதான், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஹெட்செட் அளவு பேசும். அது ஒன்றே முடிவான சாட்சி இல்லை என்றாலும் ஜப்பான் சந்தேகம் பெரும்பாலும் அதிலேயே போய்விட்டது.

அடுத்தது சீட் போஸ்ட், அதாவது சீட்டைத் தாங்கி ஃபிரேமுக்குள் நுழையும் கம்பம். 27.2 மில்லிமீட்டர். சீட் குழாயின் வெளி விட்டம் 28.6, அப்படியென்றால் மேல்முனையில் குழாயின் கனம் 0.7க்கும் கீழே. மட்டமான கனத்த குழாயாக இருந்தால் அங்கே 25.4 போஸ்ட்தான் நுழையும். ஃபிரேமை வாங்காமலே, கடையிலேயே, போஸ்டில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து இதைத் தெரிந்துகொள்ளலாம் என்பதால் எனக்குப் பிடித்த சோதனை இது. என் விஷயத்தில் சீட் குழாயில் பாதி உரிந்த ரெனால்ட்ஸ் 531 ஸ்டிக்கரும் இருந்தது, அளவும் அதோடு ஒத்துப்போனது. 531 என்பது பர்மிங்காமில் 1935இலிருந்து செய்த மாங்கனீஸ்-மாலிப்டினம் எஃகு, ஜாகுவார் ஈ-டைப் காரின் முன்சட்டத்துக்கே இந்தக் குழாய்தான்.

வயசு கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. பின்சக்கர இடைவெளி 130 மில்லிமீட்டர், அதாவது ஏழு கியர் காலம். பெடல் அச்சுக்குப் பின்னால், செயின் ஓடுகிற குழாய்களின் அடியில், யூ-பிரேக் என்ற வகைப் பின்பிரேக். இது சுமார் 1986 முதல் 89 வரை பிடித்தாட்டிய ஒரு ஃபேஷன். ஷிமானோ கம்பெனியின் கிராங்கில் (பெடல் மாட்டும் கை) உள்பக்கம் அழுக்கைச் சுரண்டினால் இரண்டு எழுத்து தெரியும், முதலாவது வருஷம், இரண்டாவது மாதம். வருஷம் 1976இல் 'ஏ'யில் தொடங்குகிறது. என்னுடையதில் 'எம் கே', ஆக 1988 நவம்பர். கிராங்கை யாராவது மாற்றியிருக்கலாம்தான், ஆனால் மற்ற எல்லாம் அந்தப் பக்கமே கைகாட்டுகிறது.

செய்தவர் யார்? அந்த நாளில் குரொய்டனில் ராபர்ட்ஸ், பிரிஸ்டலில் ஓவர்பரிஸ் என்று கையால் ஃபிரேம் கட்டிய சின்னப் பட்டறைகள் பல இருந்தன. என் ஃபிரேமின் அடியில் வெறும் நாலு எண்தான், எழுத்தே இல்லை. கொஞ்ச நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டு பிறகு விட்டுவிட்டேன். லக் (குழாய்கள் சேரும் மூட்டு உறை) ஓரங்கள் அவ்வளவு மெல்லிசாக அரம் போட்டு இழைத்திருக்கிறது, அது போதும் எனக்கு.

சீரமைப்பில் உயிரை எடுத்தது சீட் போஸ்ட். எஃகுக் குழாய்க்குள் அலுமினியம், முப்பது வருஷ மழை, இரண்டும் ஒட்டி ஒன்றாகிவிட்டன. ஒரு வாரம் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, போஸ்டின் தலையைப் பட்டறை வைஸில் இறுக்கி, ஃபிரேமையே நெம்புகோலாகப் பிடித்துத் திருப்பினோம். படாரென்று ஒரு சத்தம், ஃபிரேம் போய்விட்டது என்றே நினைத்தேன், நல்லவேளை, விட்டது பிடிப்புதான். உள்துருவுக்கு ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் (கையுறை கட்டாயம், அது விஷம்), நன்றாக அலசிக் காயவைத்தபின் குழாய்களுக்குள் வாக்ஸாயில் மெழுகு. பெயின்ட்டைத் தொடவில்லை. பவுடர் கோட்டிங் போடச் சொல்லாத ஆளில்லை. அதற்காகப் பழைய பெயின்ட்டை மணல் வீசி உரித்தால் மெல்லிய குழாயும் தேயும், இழைத்த லக் ஓரமும் மழுங்கும். ஒடிந்திருந்த கேபிள் பிடிப்பான் ஒன்றை வெள்ளிப் பற்றாசு வைத்து ஒட்டவைத்தோம். 531ஐ டிக் வெல்டிங் (மின்பொறியால் உருக்கி இணைப்பது) செய்ய விடாதீர்கள், பற்றுக்குப் பக்கத்திலேயே விரிசல் விடும்.

ஓட்ட எப்படி? ஷெஃபீல்டுக்குப் பக்கத்து ஹவுண்ட்கர்க் பாதையின் கல்லும் குழியுமான தடத்தில் முன்பக்கம் அடி வாங்கத்தான் செய்கிறது, சஸ்பென்ஷன் பழகிய மணிக்கட்டு முதல் மாதம் முனகும். ஆனால் பின்பக்கம் ஒரு நயம் இருக்கிறது, நான் முன்பு வைத்திருந்த அலுமினிய வண்டியில் அது கிடையாது. நீளமான பின்குழாய்கள், பை மாட்டினாலும் ஆட்டம் இல்லை. பானரேசர் கம்பெனியின் ஸ்மோக், டார்ட் டயர்களை இன்னும் செய்கிறார்கள், அந்தக் கால முகத்தோடே ஓட்டலாம்.

யூ-பிரேக்தான் தலைவலி. பக்கத்து மலைப்பகுதியான பீக் டிஸ்ட்ரிக்டின் குளிர்காலச் சேறு முழுவதும் நேராக அதில்தான் போய் அடைகிறது. பிரேக் கட்டை தேயத் தேய மேலேறி டயரின் பக்கத்தைக் கடிக்கும், மாதம் ஒருமுறை குனிந்து பார்க்காவிட்டால் டயர் காலி. சரி, கான்டிலீவர் என்ற வேறு வகை பிரேக் போட்டுவிடலாமே என்றால் ஃபிரேமில் பிரேக் மாட்டும் காதுகளின் இடமே வேறு, உருக்கி மாற்றினால்தான் உண்டு.

நீங்கள் தேடுவதாக இருந்தால், பின்பிரேக் சீட் பக்கக் குழாயில் இருப்பதாகப் பாருங்கள். சீட் போஸ்டையும் ஹேண்டில்பார் தண்டையும் விற்பவர் கண்முன்னே அசைத்துப் பாருங்கள், அசையவில்லை என்றால் பாதி விலைக்குக் கேட்கத் தயங்க வேண்டாம்.