தண்டு எத்தனை சென்டிமீட்டர்? ஓப்பன்எம்சி மென்பொருளோடு ஓராண்டு

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் என் மடிக்கணினி இரவு முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும். காலையில் அப்பா நாளிதழோடு வந்து உட்கார்ந்ததும் முதலில் கேட்பது, "விடை வந்துவிட்டதாம்மா?" என்பதுதான். அவர் கேட்கும் விடை ஒரே ஓர் எண். ஆய்வு அணு உலையில் நியூட்ரான்களை உறிஞ்சும் கட்டுப்பாட்டுத் தண்டை எவ்வளவு உயர்த்தினால் தொடர்வினை அணையாமலும் பெருகாமலும் நிலையாக நிற்கும் என்பதைச் சொல்லும் எண். இந்த நிலையை மாறுநிலை என்பார்கள். 1942 டிசம்பர் 2 அன்று சிகாகோவில் உலகின் முதல் அணு உலையில் ஜார்ஜ் வெயில் தண்டைச் சிறிது சிறிதாக இழுக்க, என்ரிக்கோ பெர்மி சறுக்கு அளவுகோலை வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தார். நான் ஓப்பன்எம்சி என்ற இலவச மென்பொருளை வைத்துக்கொண்டு போடுகிறேன்.

இந்த ஆசை வந்தது கோலாலம்பூருக்குத் தெற்கே உள்ள பாங்கியில். பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஆண்டில் எங்களை அங்குள்ள புஸ்பாத்தி என்ற டிரிகா வகை ஆய்வு உலையைப் பார்க்க அழைத்துச் சென்றார்கள். 1982 ஜூன் 28 அன்று முதன்முதலாக மாறுநிலையை எட்டிய உலை அது. 1 மெகாவாட் திறன் கொண்டது, மின்சாரம் தயாரிக்காது, ஆய்வுக்கும் பயிற்சிக்கும் உரியது. தொட்டியின் மேலிருந்து குனிந்து பார்த்தேன். ஆழ்ந்த நீருக்கடியில் நீல ஒளி அசையாமல் நின்றது. அந்த ஒளியைச் சில தண்டுகளின் உயரம் ஆள்கிறது என்று கேட்ட நொடியிலேயே அந்தக் கணக்கு எனக்குள் புகுந்துவிட்டது. இப்போது படிவம் 6 மாணவர்களுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டே பகுதி நேரமாக முதுகலை படிக்கிறேன்.

ஓப்பன்எம்சி 2011இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. மூல நிரல் எல்லாருக்கும் திறந்தே கிடக்கிறது. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகம் உருவாக்கிய எம்சிஎன்பி இத்துறையின் மூத்த மென்பொருள். ஆனால் அதைப் பெற விண்ணப்பித்து உரிமம் வாங்க வேண்டும். என்னைப் போல வீட்டில் உட்கார்ந்து படிப்பவருக்கு அன்று மாலையே தொடங்கிவிட முடிவது பெரிய வரம். நிறுவுவது லினக்ஸில் எளிது. விண்டோஸில் நேரடியாக ஓடாது, அதற்குள் ஒரு லினக்ஸ் சூழலை அமைத்துக்கொள்ள வேண்டும். அணுக்கருத் தரவுக் கோப்புகள் பல கிகாபைட் இருக்கும். நல்ல இணைய இணைப்பு உள்ள இடத்தில் இறக்கிக்கொள்ளுங்கள்.

வேலை செய்யும் விதம் இதுதான். உலையின் வடிவத்தையும் பொருள்களையும் பைத்தானில் எழுதிக் கொடுக்கிறோம். மென்பொருள் தற்செயல் எண்களைக் கொண்டு கோடிக்கணக்கான நியூட்ரான்களை ஒவ்வொன்றாகப் பிறப்பித்து, மோதவிட்டு, உறிஞ்சப்படும்வரை அல்லது வெளியேறும்வரை பின்தொடர்கிறது. ஒரு தலைமுறைக்கும் அடுத்த தலைமுறைக்கும் உள்ள விகிதமே பெருக்கற்காரணி. அது சரியாக 1 ஆகும் தண்டு உயரத்தைத் தானே தேடித் தரும் கட்டளையும் இதில் உண்டு. இரண்டு எல்லைகளைக் கொடுத்தால், இடைவெளியைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போகும்.

முதல் வாரம் அந்தக் கட்டளையை அப்படியே நம்பினேன். 17.3 சென்டிமீட்டர் என்றது. அதே கணக்கை, தற்செயல் எண் வரிசைக்கு வேறொரு தொடக்க எண் கொடுத்து ஓட்டினேன். 17.9 என்றது. மென்பொருள் கெட்டுவிட்டதோ என்று பயந்து, பிறகு தாளில் கணக்குப் போட்டபோதுதான் புரிந்தது. என் மாதிரியில் தண்டு 38 சென்டிமீட்டர் நகரும். முழுத் தண்டின் மதிப்பு 2,100 பிசிஎம் (ஒரு பிசிஎம் என்பது இலட்சத்தில் ஒரு பங்கு), அதாவது பெருக்கற்காரணியில் 2.1 சதவீதம். சராசரியாகச் சென்டிமீட்டருக்கு 55. ஆனால் தண்டின் விளைவு நேர்கோடாகப் போவதில்லை. அடியிலும் உச்சியிலும் ஏறக்குறைய ஒன்றும் செய்யாது, நடுவில்தான் கூர்மையாக வேலை செய்யும். அங்கே சென்டிமீட்டருக்குச் சுமார் 110. நான் ஓட்டியதோ 20 இலட்சம் நியூட்ரான்கள், புள்ளியியல் பிழை ஏறக்குறைய 60 பிசிஎம். அப்படியானால் தண்டின் இடத்தில் அரை சென்டிமீட்டர் தடுமாறத்தான் செய்யும். பிழையைப் பாதியாக்க நியூட்ரான்களை நான்கு மடங்காக்க வேண்டும் என்பது இம்முறையின் மாறாத விலை. 5 கோடிக்கு உயர்த்தினேன். பிழை 12ஆக இறங்கியது, தண்டு ஏறக்குறைய 1 மில்லிமீட்டருக்குள் நின்றது. ஆனால் இரவு 9 மணிக்குத் தொடங்கினால் மறுநாள் முற்பகல் 11 மணிக்குத்தான் முடிகிறது.

குறை என்று நான் சொல்வதும் இங்கேதான். பெருக்கற்காரணியை எப்போதும் ± பிழையோடு தரும் இந்த நேர்மையான மென்பொருள், நான் பயன்படுத்தும் பதிப்பில், தேடிக் கண்ட உயரத்தை மட்டும் வெறும் எண்ணாகத் தருகிறது. பிழையைத் தண்டின் சரிவால் (சென்டிமீட்டருக்கு இத்தனை பிசிஎம் என்ற எண்ணால்) வகுத்து நாமே எழுதிக்கொள்ள வேண்டும். புதிதாகப் படிப்பவர் அந்த வெறும் எண்ணைப் பார்த்து ஏமாறுவார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். டிரிகா எரிபொருளில் யுரேனியத்தோடு சிர்க்கோனியம் ஹைட்ரைடு கலந்திருக்கிறது. எரிபொருள் சூடானதும் அதில் பிணைந்துள்ள ஹைட்ரஜன் நியூட்ரான்களுக்கு ஆற்றலை ஏற்றிவிடுகிறது, தொடர்வினை தானாகவே தளர்கிறது. இந்த உலையின் பாதுகாப்பே அதில்தான் அடங்கியிருக்கிறது. அந்தப் பிணைப்புக்கான தரவை மாதிரியில் ஒரு வரியில் தனியாகச் சேர்க்க வேண்டும். நான் மறந்தேன். மென்பொருள் எச்சரிக்கவில்லை, ஹைட்ரஜனைக் கட்டற்ற அணுவாக எண்ணி அமைதியாகத் தவறான விடை தந்தது. மூன்று இரவுகள் வீண்.

கணித்த உயரத்தை உண்மையான உலையோடு நேராக ஒப்பிடலாமா? கூடாது. என் மாதிரிக்கு நான் எடுத்துக்கொண்டது ஸ்லோவேனியாவின் லுப்லியானாவில் உள்ள 250 கிலோவாட் டிரிகா உலை. 1991இல் அங்கே புதிய எரிபொருளை வைத்துச் செய்த அளவீடுகள் பன்னாட்டு ஒப்பீட்டுத் தொகுப்பில் உள்ளன. அவ்வளவு கவனமாக அளந்த உலையிலும் தரவுகளின் ஐயமும் பொருள்களின் கலப்பு ஐயமும் நம் 12 பிசிஎம்மை விழுங்கிவிடும். அளந்தறிந்த ஒரு நிலையை அடிப்படையாக வைத்து, அதிலிருந்து என்ன மாறியது என்று கேட்க வேண்டும். அங்கேதான் ஓப்பன்எம்சியின் அருமை தெரிகிறது. இரண்டு ஓட்டங்களிலும் ஒரே பிழைமூலங்கள் இருப்பதால் வித்தியாசத்தில் அவை பெரும்பாலும் கழிந்துவிடும்.

திங்கட்கிழமையையும் செவ்வாய்க்கிழமையையும் எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் மட்டும் ஓடும் உலையில் செனான்-135 சேரும். அது நியூட்ரான்களை வெறிகொண்டு விழுங்கும் பொருள், அரை ஆயுள் 9.1 மணி நேரம். வார இறுதி ஓய்வில் ஏறக்குறைய முழுவதும் சிதைந்துவிடுவதால் திங்கள் காலையில் உலை தூய்மையாக இருக்கும். செவ்வாய் காலையிலோ முதல் நாள் செனான் மிச்சமிருக்கும். போதாக்குறைக்கு 6.6 மணி நேர அரை ஆயுள் கொண்ட அயோடின்-135 இரவெல்லாம் சிதைந்து புதிய செனானை ஈன்றிருக்கும். ஆகவே செவ்வாயன்று தண்டு இன்னும் உயர வேண்டும். இந்த வரவு செலவை மென்பொருளின் எரிபொருள் எரிவுப் பகுதி நேர வாரியாகப் போட்டுத் தருகிறது. இதற்காகவே இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

கோலாலம்பூர்வாசிகளுக்கு ஒரு வார்த்தை. இடைக்கால நிலைக் கோப்புகளைச் சேமிக்கும்படி அமைப்பில் கட்டாயம் எழுதுங்கள். நீங்கள் கேட்காவிட்டால் கடைசியில் மட்டுமே சேமிக்கும். சென்ற நவம்பரில் விடியற்காலை இடி இடித்து வீட்டு மெயின் சுவிட்ச் விழுந்தது. என் மடிக்கணினியின் மின்கலம் பழையது, எட்டு மணி நேரக் கணக்கு போயிற்று. இப்போது பத்துப் பத்துச் சுற்றுக்கு ஒருமுறை சேமிக்கிறேன், விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. இடி கேட்டால் அப்பா எழுந்து வந்து சுவிட்சைப் பார்த்துவிட்டுத்தான் மறுபடியும் படுக்கிறார்.