குளிருக்குத் தப்பி டிரெயிலரில் புளோரிடா போகிறவர்கள் கவனம்: எனக்கு 2,300 டொலர் போய்விட்டது

ஆட்கள் தங்கள் சொந்த டிரெயிலரை (வண்டிக்குப் பின்னால் கொழுவி இழுக்கும், படுக்கையும் குசினியும் உள்ள வீடு) வாடகைக்கு விடும் இணையத்தளம் ஒன்றில் 2,300 டொலரை விட்டுவிட்டு வந்திருக்கிறேன். பெயரைப் போடவில்லை. வக்கீல் கடிதம் வந்தால் அதற்கும் நான்தான் காசு தேட வேண்டும். கடைசியில் ஆலோசனைகளும் எழுதுகிறேன்.

ஜனவரி வந்தால் அம்மாவுக்கு முழங்கால் மடங்காது. அதனால் எங்கள் பிக்கப்பில் டிரெயிலரைக் கொழுவிக்கொண்டு ஸ்காபரோவிலிருந்து வெளிக்கிட்டோம். 401இல் வின்சர், பாலம் கடந்து டிட்ராய்ட், அங்கிருந்து 75ஆம் நெடுஞ்சாலை. டாம்பா பக்கம் ஒரு மாநிலப் பூங்காவில் இடம் பிடித்திருந்தோம். புளோரிடாவில் வசிக்காதவர்களுக்கு 10 மாதத்துக்கு முன்புதான் பதிவு திறக்கும். குளிர்கால இடங்கள் திறந்த கையோடு போய்விடும். தேதியை மாற்ற வழியில்லை என்பது டிரெயிலர்க்காரருக்கும் தெரியும்.

அவர் எங்கட ஆள். அதுதான் வயிறு எரிகிறது. டிரெயிலரை எடுக்கப் போனபோது வீட்டுக்குள் கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்தார், அம்மாவிடம் ஊர் விசாரித்தார், தூரத்துச் சொந்தம் ஒன்றையும் கண்டுபிடித்தார். வெளியே மைனஸ் 14. குழாய்களில் தண்ணீர் நின்றால் உறைந்து வெடிக்கும் என்பதால் குளிர்காலத்தில் அதை வடித்துவிட்டு, உறையாத பிங்க் திரவம் விட்டு வைப்பார்கள். அந்தக் குளிரில் தண்ணீர் விட்டு ஒழுகுகிறதா என்று பார்க்க முடியாது. "லைன் முழுக்கப் பிங்க் விட்டிருக்கிறன் தம்பி, ஜோர்ஜியாவுக்குள்ள போய்த் தண்ணியைத் திறவுங்கோ, ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ" என்றார். அதையே தளத்தின் செய்திப் பெட்டியிலும் எழுதினார். பிறகு ஒரு படிவத்தை நீட்டினார். பம்ப், குழாய் எல்லாம் நல்ல நிலையில் இருக்கிறதாம். கையெழுத்து இல்லாமல் சாவி இல்லை, அது தளத்தின் விதி. அம்மா அவரை வாயார வாழ்த்திவிட்டு வண்டியில் ஏறினா.

ஜோர்ஜியாவின் வல்டோஸ்டா வரை போத்தல் தண்ணீர்தான். அங்கே 16 பாகை, நல்ல வெயில். ஒரு முகாம் மைதானத்தில் ஹோஸைப் பூட்டித் திறந்தோம். குழாயில் பிங்க் ஒரு சொட்டும் வரவில்லை. குசினித் தொட்டிக்குக் கீழே இருந்து தண்ணீர் பாய்ந்து பிள்ளைகளின் மெத்தை வரை நனைத்துவிட்டது. மகள் எடுத்த வீடியோ இருக்கிறது. மறுநாள் வந்த மெக்கானிக் பம்பின் உடலும் ஒரு முழங்கைக் குழாயும் பிளந்திருப்பதைக் காட்டி, "உறைந்து வெடித்தது, பழையது" என்று தாளில் எழுதித் தந்தார். பம்பும் கூலியும் 420 டொலர். நனைந்த தரை காயும்வரை மோட்டல் 380.

டிரெயிலர்க்காரருக்குப் போன் எடுத்தால் "பார்த்துச் சொல்லுறன் தம்பி." அப்புறம் கதை மாறியது. பிங்க் விடவே இல்லையாம், காற்றடித்துத்தான் தண்ணீரை எடுத்தாராம், நாங்கள்தான் வழியில் கெண்டக்கியில் தண்ணீரைத் திறந்து உறைய விட்டோமாம். காற்றடிப்பதும் சரியான முறைதான், ஆனால் அவர் கையால் எழுதிய செய்தி என்னாவது? அதற்குப் பிறகு போன் எடுப்பதில்லை.

தளத்தில் முறையிட்டால் ஒவ்வொரு முறையும் வேறொருவர். ஒருவர் வருந்தினார், ஒருவர் படங்களைத் திரும்ப அனுப்பச் சொன்னார். கடைசியில் வந்தவர் மெக்கானிக்கின் தாள் 24 மணி நேரத்துக்குள் வரவில்லை, படிவத்தில் உங்கள் கையெழுத்து இருக்கிறது, கோப்பை மூடிவிட்டோம் என்றார். என் டெப்பாசிட் 1,500 டொலரும் "பம்ப் திருத்த" டிரெயிலர்க்காரருக்குப் போய்விட்டது. நான் காசு கொடுத்துத் திருத்திய பம்பைத் திருத்த! எல்லாமாக 2,300 டொலர், கனடாக் காசில். வாடகை தனி.

ஆலோசனை என்று நிறைய எழுத இருந்தேன், பொறுமை இல்லை. எடுக்கும்போதே பம்பைப் போட்டுக் குழாயைத் திறக்கச் சொல்லுங்கள், பிங்க் விட்டிருக்கிறன் என்றால் பிங்க் வர வேண்டும். படிவத்தில் "தண்ணீர் பரிசோதிக்கவில்லை" என்று கையால் எழுதிப் படம் எடுங்கள். டயரில் DOT குறியின் கடைசி நாலு இலக்கம் பாருங்கள். 2317 என்றால் 2017இன் 23ஆம் வாரம் செய்த பழைய டயர், அதைக் கொழுவாதீர்கள். டெப்பாசிட்டைக் கிரெடிட் கார்டில் மட்டும் கட்டுங்கள். நான் வங்கியில் முறையிட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.

அந்த டிரெயிலர் மார்ச் விடுமுறைக்குத் திரும்ப விளம்பரத்தில் நிற்கிறது. "புதுத் தண்ணீர்ப் பம்ப்" என்று வேறு போட்டிருக்கிறார்.