95-ஆம் சங்கீதம்: வெள்ளி மாலையிலும் விடியலிலும்

‘வாருங்கள், பாடுவோம்’ என்று தொடங்கும் இந்தச் சங்கீதம் (பைபிளின் துதிப்பாடல்களில் ஒன்று) யூதர், கிறிஸ்தவர் இருவருக்குமே வழிபாட்டின் வாசல். ஆனால் வாசல் திறக்கும் நேரம்தான் வேறு.

யூதர்களில் பலர் வெள்ளி மாலை, சனிக்கிழமை ஓய்வுநாளை வரவேற்கையில் முதலில் இதைப் பாடுகிறார்கள். 16-ஆம் நூற்றாண்டில், இன்றைய இஸ்ரேலிலுள்ள சஃபேத் நகர ஞானிகள் தொடங்கிய வழக்கம் இது. அப்புறம் 96 முதல் 99 வரை, கூடவே 29. மொத்தம் ஆறு சங்கீதங்கள், ஆறு வேலைநாட்களுக்கு ஒன்றாக.

கிறிஸ்தவ மரபுகள் பலவற்றில் இது நாளின் முதல் ஜெபம். பெனடிக்ட் துறவியின் 6-ஆம் நூற்றாண்டு ஒழுங்கில் ஒரு விதி உண்டு: விடியுமுன் நடக்கும் இரவு ஜெபத்தில் இதை இழுத்து, மெதுவாகப் பாட வேண்டும். தூக்கம் கலையாமல் தாமதமாக வரும் துறவிக்கு அது முடியும்வரை அவகாசம். எனக்கு மிகப் பிடித்த விதி இது, அவ்வளவு கரிசனம்!

சங்கீதத்தின் முடிவு கடுமையானது: பிடிவாதக்காரர்கள் என் இளைப்பாறுதலில் நுழைய மாட்டார்கள் என்கிறார் கடவுள். 1789-இல் அமெரிக்க ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை மரபு) ஜெபப் புத்தகம் இந்தப் பகுதியை நீக்கிவிட்டு, 96-இலிருந்து வசனங்களைச் சேர்த்தது. அது தவறு என்றே நினைக்கிறேன். ஓய்வுநாளின் வாசலில் நின்றுகொண்டு யூதர்கள் அந்த எச்சரிக்கையையும் சேர்த்தே பாடுகிறார்கள்.