யாஷிகா மேட் 124ஜி: கறுப்பு வெள்ளை ஃபிலிமில் ஏழு ஆண்டுகள்

யாஷிகா மேட் 124ஜி கேமரா என் கைக்கு வந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட 120 ஃபிலிம் (பின்தாளோடு சுருட்டிய அகல ஃபிலிம்) சுருள்களை அதில் எடுத்து, அனைத்தையும் நானே டெவலப் செய்திருக்கிறேன். எந்த ஃபிலிம், படத்தை வெளிக்கொணரும் ரசாயனமான டெவலப்பர் எது, எத்தனை நிமிடம், எந்த வெப்பநிலை, எந்தப் படம் எதனால் கெட்டது என்பதையெல்லாம் சுருள்வாரியாக ஒரு நோட்டில் எழுதிவைப்பது என் வழக்கம். அண்மையில் அந்த நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்துப் பார்த்தேன். கேமராவின் மேல் நான் போட்ட பழிகளில் பெரும்பாலானவை என் கைப்பிழைகளே என்று தெரிந்தது. லென்ஸுக்கு நான் கொடுத்த பாராட்டிலும் ஒரு பங்கு ஃபிலிமின் பரப்பளவுக்குச் சேர வேண்டியது.

இந்த மாடல் 1970இல் வெளிவந்து, 1986 வரை தயாரிப்பில் இருந்தது. ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு 80 மிமீ லென்ஸ்கள் உண்டு. மேலே இருப்பது நாம் பார்ப்பதற்கான எஃப்/2.8 லென்ஸ், கீழே இருப்பது படம் பதியும் எஃப்/3.5 லென்ஸ் (எஃப் எண் சிறிதாக இருந்தால் லென்ஸின் திறப்பு பெரிது). ஷட்டர் ஒரு வினாடியிலிருந்து 1/500 வினாடி வரை இயங்கும். 120 ஃபிலிமில் 12 படங்களும் அதைப் போல இருமடங்கு நீளமான 220 ஃபிலிமில் 24 படங்களும் எடுக்கலாம் என்பதைத்தான் பெயரில் உள்ள 124 சொல்கிறது. ஒளியை அளக்கும் மீட்டரின் மின்தொடர்புகளுக்குத் தங்க முலாம் பூசியிருப்பதை 'ஜி' குறிக்கிறது.

வாங்கியபோது கேமரா பல காலம் பெட்டிக்குள் கிடந்த நிலையில் இருந்தது. ஒரு வினாடி, அரை வினாடி வேகங்களில் ஷட்டர் திறந்து அப்படியே நின்றுவிடும். உள்ளிருந்த எண்ணெய் காலப்போக்கில் இறுகிப் பசையாகிவிட்டதே காரணம். பின்கதவில் ஒளி புகாமல் தடுக்கும் ஸ்பாஞ்சு பட்டைகளும் தொட்டால் விரலில் கரியாக ஒட்டின. ஷட்டரைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்தேன். பட்டைகளை நானே சுரண்டி எடுத்துவிட்டுப் புதியன ஒட்டினேன். பழைய கேமரா வாங்குகிறவர்கள் இந்த இரண்டு வேலைகளையும் கேமராவின் விலையோடு சேர்த்தே கணக்கிட்டுக்கொள்வது நல்லது.

மீட்டரைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை போதும். அது 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காக வடிவமைக்கப்பட்டது. அந்த பேட்டரி இன்று விற்பனையில் இல்லை. அதே அளவிலான 1.5 வோல்ட் அல்கலைன் பேட்டரியைப் போட்டால், இருப்பதைவிட அதிக ஒளி இருப்பதாக முள் காட்டும். அதை நம்பினால் நெகட்டிவ் மெலிந்து போகும். நான் தனி மீட்டருக்கு மாறி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன.

இடுப்பு உயரத்தில் பிடித்துக் குனிந்து பார்க்கும் முறைதான் இந்தக் கேமராவின் உண்மையான குணம். தேய்த்த கண்ணாடியில் காட்சி இடம் வலமாக மாறித் தெரியும். நடக்கிறவரைப் பின்தொடரக் கேமராவை அவர் கண்ணாடியில் போவதாகத் தெரியும் பக்கம் திருப்பினால், அவர் கண்ணாடியின் விளிம்பைத் தாண்டி ஓடிவிடுவார். கை அதற்குப் பழக எனக்கு இருபது சுருள்கள் பிடித்தன. அதற்கு ஈடாகக் கிடைப்பது முகப்படங்களில் தெரியும். கேமராவை முகத்துக்கு நேராகத் தூக்காததால், எதிரில் இருப்பவர் விறைத்துக்கொள்வதில்லை. ஃபிலிம் கேமரா நம்மை நிதானமாக்கும், பொறுமை கற்றுத்தரும் என்று பலரும் சொல்வதுண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. பன்னிரண்டு படங்களையும் பத்து நிமிடத்தில் அவசரமாகச் சுட்டுத் தள்ளிய நாட்கள் என் நோட்டிலேயே நிறைய உள்ளன.

இரட்டை லென்ஸ் அமைப்பில் ஒரு பொறி உண்டு. நாம் பார்ப்பது மேல் லென்ஸ் வழியாக என்பதால், கீழ் லென்ஸை எது மறைத்தாலும் நமக்குத் தெரியாது. ஒருமுறை நண்பரின் பாட்டியை ஜன்னல் ஓரம் அமர வைத்து மூன்று படங்கள் எடுத்தேன். டெவலப் செய்து பார்த்தால் மூன்று நெகட்டிவிலும் குறுக்கே வெளிறிய, விளிம்பு மங்கிய ஒரு பட்டை. கேமரா பழுதாகிவிட்டது என்று ஒரு வாரம் தேடிய பிறகுதான், கழுத்துப் பட்டை தளர்ந்து கீழ் லென்ஸின் முன்னே தொங்கியிருக்கிறது என்பது புரிந்தது. இப்போது ஷட்டரை அழுத்துவதற்கு முன் பட்டையை மணிக்கட்டில் ஒரு சுற்று சுற்றிக்கொள்கிறேன்.

லென்ஸ் நான்கு கண்ணாடிகள் கொண்ட டெஸ்ஸார் என்ற வடிவமைப்பு வகையைச் சேர்ந்தது. எஃப்/3.5இல் ஓரங்கள் மிருதுவாக இருக்கும். எஃப்/8, எஃப்/11 அளவுகளில் படத்தின் மூலை வரை கூர்மை வந்துவிடும். எதிர்வெளிச்சத்தில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள மாறுபாடு குறைவதால், லென்ஸின் முன் மாட்டும் ஒளிமறைப்பான் இல்லாமல் நான் வெளியே போவதில்லை. இருப்பினும், பெரிய பிரிண்டைப் பார்த்து மற்றவர்கள் வியப்பதற்கு லென்ஸை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. இந்த நெகட்டிவ் ஏறத்தாழ 56 மிமீ சதுரம். 35 மிமீ ஃபிலிமின் படப்பரப்பைப் போல மூன்றரை மடங்குக்கு மேல். 28 செமீ சதுரப் பிரிண்ட் போட ஐந்து மடங்கு பெரிதாக்கினால் போதும். 35 மிமீ நெகட்டிவிலிருந்து அதே சதுரம் வேண்டுமானால் பதினோரு மடங்குக்கு மேல் பெரிதாக்க வேண்டும். மணிமணியான துகள்களும் அதே விகிதத்தில் பெருக்கும்.

ஃபிலிமில் பெரும்பாலும் இல்ஃபோர்டு ஹெச்பி5 பிளஸ். அதன் வேகம், அதாவது ஒளிக்கான உணர்திறன், ஐஎஸ்ஓ 400 என்றாலும் நான் மீட்டரில் 250 என வைத்துக்கொண்டு, நிழலின் எந்தப் பகுதியில் விவரம் தெரிய வேண்டுமோ அங்கே அளக்கிறேன். முதல் முப்பது சுருள்களில் கறுப்பு முடியும் கறுப்புச் சட்டையும் ஒரே கரிக்கட்டியாகப் போனதற்குக் காரணம், பெட்டியில் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்பி, வானத்தையும் சேர்த்து அளந்ததுதான். அந்தி நேர நீண்ட எக்ஸ்போஷரில் வேறொரு கணக்கு உண்டு. ஒரு வினாடியைத் தாண்டினால் ஃபிலிம் சோர்ந்துவிடும், ஒளியைப் பதிக்கும் திறன் குறையும். மீட்டர் 10 வினாடி என்று சொன்னால் இந்த ஃபிலிமுக்கு 20 வினாடி தர வேண்டும்.

நான் அதிகம் பிழை செய்தது இருட்டறையில். 120 ஃபிலிம் அகலமானது, மெல்லியது, சுருண்டுகொள்ளும் பிடிவாதம் உள்ளது. முழு இருட்டில் பின்தாளிலிருந்து அதைப் பிரித்து, முனையில் ஒட்டியுள்ள டேப்பை உரித்து, பிளாஸ்டிக் ரீலின் பள்ளத்துக்குள் செலுத்த வேண்டும். டேப்பை வேகமாக இழுத்தால் அந்த இடத்தில் நீலமாக ஓர் ஒளி மின்னும். முதன்முறை பார்த்தபோது திடுக்கிட்டேன், பிறகு மெதுவாக உரிக்கப் பழகினேன். ரீலில் துளி ஈரம் இருந்தாலும் ஃபிலிம் பாதியில் சிக்கிக்கொள்ளும். பொறுமையிழந்து தள்ளினால் ஃபிலிம் மடங்கி, அந்த மடிப்பு பிரிண்டில் நகக்கீறல் போன்ற பிறை வடிவத் தழும்பாக வந்து நிற்கும். பொதுவாக முகத்தின் மேல்தான் வரும். நோட்டில் 'பிறை' என்று மட்டும் எழுதிய பக்கங்கள் பதினொன்று. இப்போது ரீலை முந்தைய இரவே உலர வைத்துவிடுகிறேன்; சிக்கினால் தள்ளாமல் முழுவதும் வெளியே இழுத்து, மறுமுனையிலிருந்து தொடங்குகிறேன்.

டெவலப்பர் ஐடி-11, ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர், 20 டிகிரி செல்சியஸ். ஐஎஸ்ஓ 400க்கு நிறுவனம் தரும் நேரம் 13 நிமிடம். நான் 250இல் எடுப்பதால் 11 நிமிடத்தோடு நிறுத்துகிறேன். வெள்ளைச் சட்டையின் மடிப்புகள் அதனால்தான் தப்புகின்றன. டெவலப்பரின் வெப்பநிலையை மட்டும் பார்த்துவிட்டு, ஃபிலிமை டெவலப் செய்யும் டேங்கையும் கழுவும் தண்ணீரையும் மறந்த காலத்தில், ஒரே காட்சியை அடுத்தடுத்த சுருள்களில் எடுத்தும் ஒன்று அடர்ந்தும் மற்றொன்று மெலிந்தும் வந்தன. இப்போது எல்லாவற்றையும் ஒரே வாளித் தண்ணீரில் நிறுத்திவைத்த பிறகே தொடங்குகிறேன். உலர்த்தும்போது படியும் தூசியை மட்டும் இன்னும் முழுமையாக வெல்ல முடியவில்லை.

ஒரு கிலோவுக்குச் சற்று மேல் எடை, ஒரு மீட்டருக்குள் நெருங்க முடியாமை, மாற்ற முடியாத லென்ஸ் ஆகிய மூன்றும் இந்தக் கேமராவின் வரம்புகள். இவற்றில் எதுவும் எனக்குப் பெரிய தடையாக இருந்ததில்லை; பறவைகளையோ பூச்சிகளையோ எடுக்க விரும்புகிறவருக்கு இது வேண்டாம்.

நான் செய்ததில் திருத்த முடியாத பிழை ஒன்றே ஒன்று. பார்வைக் கண்ணாடி மங்கலாக இருக்கிறதென்று மூடியைக் கழற்றி, உள்ளே சாய்வாக உள்ள ஆடியைப் பருத்தித் துணியால் அழுத்தித் துடைத்தேன். அதன் வெள்ளிப்பூச்சு கண்ணாடியின் முன்பக்கத்தில் இருப்பதை நான் அறிந்திருக்கவில்லை. வலது மேல் மூலையில் அன்று விழுந்த கீறல்கள் இன்றும் பார்வையில் தெரிகின்றன. படத்தில் அவை வருவதில்லை. உங்கள் கேமராவில் அங்கே தூசி இருந்தால் காற்றுப் பம்பால் ஊதிவிட்டு மூடியை மாட்டிவிடுங்கள்.