நிலாவெளியா, ஹிக்கடுவையா? மலையிலிருந்து சுறா பார்க்க இறங்குகிறவர்களுக்கு

இலங்கையின் தேயிலை மலைகளில், எங்கள் பக்கத்தில், சுறாவை முதலில் சந்திப்பது சட்டியில்தான். பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால் சுரக்க வேண்டுமென்று பூண்டு தட்டிப் போட்டு வைக்கும் சுறாக் கருவாட்டுக் குழம்பின் வாசம் தோட்டத்து வரிசை வீடுகளான லயம் முழுக்க வீசும். அந்தச் சுறாவை உயிரோடு, அதுவும் அது குடியிருக்கும் தண்ணீரிலேயே இறங்கிப் பார்க்கப் போகிறோம் என்று சொன்னபோது அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மலையில் சிறுத்தை இருப்பது போதாதா உனக்கு?"

கேள்வி நியாயமானதுதான். ஆனால் கொழுந்து பறிக்கப் போகும் பெண்ணிடம் எதற்குப் பயம் என்று கேட்டால் சிறுத்தையை அவள் இரண்டாவதாகத்தான் சொல்வாள். முதலில் வருவது குளவி. சிறுத்தை மனிதரைக் கண்டால் பெரும்பாலும் ஒதுங்கிப் போய்விடும். குளவிக் கூடு கலைந்தால் துரத்தித் துரத்திக் கொட்டும். கடலிலும் கணக்கு இப்படித்தான். சிறுத்தையின் இடத்தில் சுறா இருக்கிறது, குளவியின் இடத்தில் வேறொன்று இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு நீர்மட்டத்தில் மிதந்தபடி பவளப்பாறை பார்க்க, மலையகத்துக் குடும்பம் ஒன்றுக்கு நடைமுறையில் மூன்று கரைகள் இருக்கின்றன: கிழக்கே நிலாவெளியின் புறாத்தீவு, தெற்கே ஹிக்கடுவை, மட்டக்களப்புப் பக்கம் பாசிக்குடா. கையில் காசு தாராளமாக இருந்தால் மாலைதீவு. நான் முதல் இரண்டிலும் இறங்கியிருக்கிறேன். பாசிக்குடாவில் முழங்கால் அளவு நீரில் நின்றிருக்கிறேன். மாலைதீவுக்குப் போய்வந்த உறவினர்களின் கதைகளைச் சலிக்கச் சலிக்கக் கேட்டிருக்கிறேன்.

பாசிக்குடாவை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். பதுளைக்காரர்களுக்கு அது வசதியான கரை என்பது உண்மை. பேராதனையில் தொடங்கி நுவரெலியா, பதுளை வழியாக வரும் ஏ5 வீதி பிபிலை, மகாஓயா தாண்டிச் செங்கலடியில்தான் முடிகிறது. அங்கிருந்து கரை அதிகத் தூரமில்லை. நீண்ட தூரம் நடந்தாலும் இடுப்பைத் தாண்டாத தண்ணீர், அலையும் இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கும், கடலைப் பார்த்தாலே கைகால் நடுங்கும் பெரியம்மாக்களுக்கும் அதைவிட நல்ல இடம் கிடையாது. சுறா பார்க்க வேண்டுமென்றால் அங்கே போக வேண்டாம்.

மீதி இரண்டில் எது என்பதைப் பாதிக்கு மேல் தீர்மானிப்பது காற்று. மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் துணி காய்வதில்லை. அந்தக் காற்று மழையை நம் தலையில் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டியதும் வறண்ட காற்றாகக் கிழக்கே இறங்குகிறது. அங்கே அதற்குக் கச்சான் என்று பெயர். நாம் கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும் ஆகஸ்டில் நிலாவெளிக் கடல் தட்டில் ஊற்றிய பால்போல அசையாமல் கிடக்கும். ஹிக்கடுவையில் அதே ஆகஸ்டில் அலை மண்ணைக் கலக்கி அடித்துக்கொண்டிருக்கும். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை நிலைமை தலைகீழ். ஆகவே பாடசாலை விடுமுறையை நம்பிப் பயணம் போகிறவர்களுக்கு விடை எளிது: ஆகஸ்ட் என்றால் கிழக்கு, டிசம்பர் என்றால் தெற்கு. டிசம்பரில் புறாத்தீவுக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால் அவருக்கு நல்லெண்ணம் உண்டு, நாட்காட்டி கிடையாது.

பயண வசதியில் ஹிக்கடுவைக்கே வெற்றி. ஹட்டனில் ரயிலேறிக் கொழும்பு கோட்டை நிலையத்தில் மாறினால், கரையோர ரயில் ஹிக்கடுவையிலேயே இறக்கிவிடும். நிலையத்திலிருந்து கடல் கூப்பிடு தூரம். நிலாவெளிக்கு வேன் பிடித்து கண்டி, தம்புள்ளை, ஹபரணை, திருகோணமலை என்று போக வேண்டும். கண்டிக்குப் பிறகே ஏறத்தாழ 180 கிலோமீட்டர், அதற்குமேல் வடக்கே இன்னும் கொஞ்சம். வளைவுகளில் வாந்தி எடுக்கும் ஆள் குடும்பத்துக்கு ஒருவராவது இருப்பார். கண்டி வரைக்கும் அவர் பாடு திண்டாட்டம்தான்.

தண்ணீருக்குள் இறங்கிய பிறகு இந்த வெற்றி தலைகீழாகிறது. ஹிக்கடுவைப் பவளப்பாறை 1979-இலேயே பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் 1998-இல் கடல்நீர் அளவுமீறிச் சூடானபோது அங்கிருந்த பவளத்தில் பெரும்பகுதி வெளுத்து இறந்துபோனது. திருகோணமலைப் பக்கத்துப் பாறைகள் அந்த ஆண்டில் தப்பித்துக்கொண்டன. அந்த வித்தியாசம் இன்றைக்கும் கண்ணுக்குத் தெரிகிறது. ஹிக்கடுவையில் நான் அதிகம் பார்த்தது பாசி படிந்த பவளத் துண்டுகளையும், தலைக்கு மேலே தடதடத்துக்கொண்டு போன கண்ணாடித்தரைப் படகுகளையும்தான். மிதப்பவருக்குச் சுறாவைவிட அந்தப் படகின் விசிறி ஆபத்தானது.

ஹிக்கடுவைக்கு என்று ஒரு சொத்து இருக்கிறது: பச்சை ஆமைகள். கரையோரம் வரை வந்து தலை நீட்டும். பயணிகள் கடற்பாசியைக் கையில் பிடித்து ஊட்டுகிறார்கள், பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. நுவரெலியாவுக்கு அருகே ஹக்கலைப் பக்கம் குரங்குகளுக்கு வாழைப்பழம் கொடுத்துப் பழக்கிவிட்டு, இன்று கைப்பையைப் பறிகொடுத்து நிற்பவர்கள் நாம். ஆமை கைப்பையைப் பறிக்காது என்பதால் மட்டும் அந்தப் பழக்கம் நல்லதாகிவிடாது. ஆனால் நீந்தத் தெரியாத ஒரு குடும்பம் ஒரு பெரிய கடலுயிரைப் பக்கத்தில் பார்க்க அதைவிட எளிய வழி இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இனி புறாத்தீவு. நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர், படகில் சில நிமிடம். 2003-இல் தேசியப் பூங்காவானது. நுழைவுச்சீட்டு வனசீவராசிகள் திணைக்களத்தினுடையது. உள்நாட்டவருக்குக் கட்டணம் குறைவு என்பதால் அடையாள அட்டையை மறக்காதீர்கள். காலை முதல் படகிலேயே போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் அந்தச் சின்னத் தீவு திருவிழாக் கூட்டமாகிவிடுகிறது. பவளத்தின் மேல் ஏறி நின்று படம் எடுப்பவர்களைப் பார்த்தால் வாய் சும்மா இருக்காது.

அங்கே இருப்பது கருமுனைச் சுறா. முதுகுத் துடுப்பின் நுனியில் மையில் தோய்த்ததுபோல ஒரு கறுப்பு. வளர்ந்தாலும் பெரும்பாலும் ஒன்றரை மீட்டர் அளவுதான். ஆழம் குறைந்த பவளப்பாறை நீரே அதற்கு வீடு. நான் பார்த்தது படகு இறக்கிவிடும் கரையில் அல்ல, தீவின் மறுபக்கத்தில். முதலில் ஒரு நிழல். பிறகு இரண்டு. என் மூச்சுச் சத்தம் குழாய்க்குள் தையல் இயந்திரம்போல ஓடியது. இறங்கும் முன் படகுக்காரத் தம்பி சொல்லியிருந்தார்: "அக்கா, கையைக் காலை அடிக்காமல் கிடந்தால் நின்று காட்டும். துரத்தினால் ஓடிவிடும்." சும்மா கிடந்தேன். என்னைச் சுற்றி ஒரு வளையம் போட்டது, ஒரு கண்ணால் பார்த்தது, போய்விட்டது. அரை நிமிடம் இருக்கலாம். தலவாக்கலையில் இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறேன். எந்த வகுப்பும் என்னை இவ்வளவு சீக்கிரம் எடைபோட்டு முடித்ததில்லை.

பயத்துக்கும் கணக்கு உண்டு. மனிதர் சீண்டாமலே சுறா கடித்த சம்பவங்கள் 2023-இல் உலகம் முழுவதுமாக 69 என்று புளோரிடாவின் சர்வதேசச் சுறாத் தாக்குதல் ஆவணம் பதிவு செய்திருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்தவை. கருமுனைச் சுறா அபூர்வமாகக் கடிப்பதுண்டு. அதுவும் பெரும்பாலும் ஆழமில்லாத நீரில் நடந்து போகிறவரின் காலைத்தான், மீனென்று நினைத்து. அதாவது, பயந்துபோய்க் கால் ஊன்றி எழுந்து நிற்பதைவிட மிதந்து கிடப்பதே பாதுகாப்பு. நம் புத்தி சொல்வதற்கு நேர்மாறு. கலங்கிய நீரிலும் பொழுது சாயும் நேரத்திலும் இறங்க வேண்டாம். சுறாவுக்கும் திறந்த கடலுக்கும் நடுவில் போய் நின்று அதன் வழியை அடைக்க வேண்டாம். பளபளக்கும் நகை வேண்டாம். மீன் செதில்போல மின்னும். தாலியைக் கழற்றமாட்டேன் என்கிறவர்கள் கழுத்துவரை மூடிய சட்டைக்குள் அதைப் போட்டுக்கொண்டால் போதும்.

கடலின் குளவி எது என்று சொல்கிறேன் என்றேனே, அது கிளாத்தி. அதிலும் மஞ்சள் கலந்த பச்சையில் பெரிதாக வளரும் இனம். மணலில் முட்டையிட்டுக் காவல் காக்கும் காலத்தில் சுறா செய்யாததையெல்லாம் செய்யும்: நேராக வந்து முட்டும், துரத்தும், பவளத்தையே நொறுக்கும் பல்லால் கடிக்கும். கூட்டுக்கு மேலே, புனலைப்போல விரிந்துகொண்டே போகும் பரப்பு முழுவதையும் தன் எல்லையாக நினைப்பதால் மேல்நோக்கித் தப்பினால் பலனில்லை. பக்கவாட்டில் விலக வேண்டும். அதைவிடவும் பெரிய ஆபத்து நம் நீச்சல்தான். காசல்ரீ, மவுசாகலை என்று நீர்த்தேக்கங்களைச் சுற்றி வாழ்ந்தும் நம்மில் பலர் நீந்தக் கற்கவில்லை. உயிர்காப்பு அங்கி இல்லாமல் இறங்க வேண்டாம். கொடுத்ததை அப்படியே மாட்டிக்கொள்ளவும் வேண்டாம். எனக்கு வாடகைக்குக் கிடைத்த முதல் அங்கியின் வார் பாதி அறுந்திருந்தது. மாற்றிக் கேட்டபோது முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும்.

மாலைதீவைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே 2010-இல் சுறா பிடிப்பதைத் தடை செய்தார்கள். தெற்கு ஆரி பவளத்தீவுக் கூட்டத்தில் ஆண்டு முழுவதும் திமிங்கிலச் சுறா பார்க்கலாம். தங்குமிடத்துப் படகுத்துறைக்குக் கீழேயே கருமுனைக் குட்டிகள் திரியும். தண்ணீரின் தெளிவில் நம் இரண்டு கரைகளும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் சில இடங்களில் இரை போட்டு நர்ஸ் சுறாக்களை வரவழைக்கிறார்கள் என்று கேட்டபோது எனக்கு மறுபடி ஹக்கலைக் குரங்குதான் நினைவுக்கு வந்தது. புறாத்தீவுச் சுறா என்னிடம் எதையும் எதிர்பார்த்து வரவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே, இத்தனை கூட்டத்துக்கும் வாந்திக்கும் பிறகும், என் ஓட்டு நிலாவெளிக்கு.

இந்த ஆகஸ்டுக்கு வேன் பேசியாகிவிட்டது. பதினொரு பேர், அம்மாவும் வருகிறார். படகு வரைக்கும்தான், தண்ணீருக்கு அல்ல என்று இப்போதே சொல்லிவிட்டார். மிச்சமிருக்கும் சிக்கல் என் தம்பியின் மீசை. அடர்ந்த மீசைக்கு மேல் முகக்கண்ணாடி சரியாக ஒட்டாது, தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். போன தடவை முழுக்க மூக்கில் உப்புநீர் ஏறித் தும்மிக்கொண்டிருந்ததால் ஒரு சுறாவையும் அவன் பார்க்கவில்லை. வாசலின் தடவினால் ஓரளவு நிற்கும் என்கிறார்கள். மழித்துவிடு என்று அவன் மகள் சொல்கிறாள். இன்னும் முடிவாகவில்லை.