ரவுண்டானா ஒரு கணக்கு, சூளகிரி மேடு ஒரு கணக்கு: கிராண்ட் விட்டாராவில் எந்த ஹைபிரிட்?

மாருதி கிராண்ட் விட்டாராவில் ஹைபிரிட், அதாவது பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் சேர்ந்த வண்டி, என்ற பெயரில் இரண்டு வகை உண்டு: மோட்டார் இன்ஜினுக்கு உதவி மட்டும் செய்யும் ஸ்மார்ட், மோட்டார் தனியாகவும் வண்டியை ஓட்டும் ஸ்ட்ராங். 2022-ல் வண்டி வந்தபோது அறிவித்த மைலேஜ், ஸ்மார்ட் ஹைபிரிட் ஆட்டோமேட்டிக்குக்கு லிட்டருக்கு 20.58 கி.மீ., ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்கு 27.97. டொயோட்டா ஹைரைடரிலும் இதே இரண்டு இன்ஜின்கள்தான். லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர் கூடுதல் என்றால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் அந்த ஏழும் கிருஷ்ணகிரி, தர்மபுரி ரோடுகளில் எங்கே கிடைக்கும், எங்கே கிடைக்காது என்று ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். ஷோரூமைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் ஓட்டுவது அதற்குப் போதவே போதாது.

ஏன் என்று சொல்கிறேன். ஸ்ட்ராங் ஹைபிரிட்டின் பேட்டரி வெறும் 0.76 யூனிட். அதில் பாதி சார்ஜ் தரும் ஓட்டம் சுமார் 100 மில்லி பெட்ரோல் தரும் ஓட்டத்துக்குச் சமம். லிட்டருக்கு 20 கி.மீ. போகும் வண்டி ஐந்து கிலோமீட்டருக்குக் குடிப்பதே 250 மில்லிதான். பேட்டரியை நிரப்பிக் கொடுத்து, காலியாகத் திரும்ப வாங்கினால் மீட்டரில் பிரமாதமான எண் வரும். அதனால் கிளம்பும்போது பேட்டரி அளவு எத்தனை கட்டம் என்று பார்த்து வையுங்கள். திரும்பி வரும்போதும் கிட்டத்தட்ட அதே அளவு இருந்தால்தான் அந்த எண்ணை நம்பலாம். டிரிப் மீட்டரை உங்கள் கையாலேயே ரீசெட் செய்யுங்கள். ஏசி ஓடட்டும், வீட்டில் உள்ளவர்களும் ஏறிக்கொள்ளட்டும்.

ஊருக்குள் போட்டியே இல்லை. கிருஷ்ணகிரி ரவுண்டானாவில் பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் இன்ஜின் அணைந்து, மோட்டார் மட்டும் வண்டியை நகர்த்துகிறது. ஏசி கம்பிரஸரும் மின்சாரத்தில் ஓடுவதால் இன்ஜின் நின்றாலும் குளிர் குறைவதில்லை. ஸ்மார்ட்டில் இருக்கும் சின்ன மோட்டார் இன்ஜினுக்குக் கை கொடுக்குமே தவிர, தனியாக வண்டியை இழுக்காது. சிக்னலில் இன்ஜின் நின்றால் ஏசியில் காற்று மட்டும்தான் வரும். ஏப்ரல் வெயிலில் சீக்கிரமே இன்ஜின் மறுபடி கிளம்பிவிடும். தினமும் ஓசூர் தாண்டி அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி நெரிசலில் நிற்பவர்கள் ஸ்ட்ராங்கை யோசிக்காமல் எடுக்கலாம்.

நாற்கரச் சாலையில் நிலைமை வேறு. நூறில் ஒரே சீராகப் போகும்போது பிரேக் பிடிக்கிற வேலையே இல்லை. பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே மின்சாரம் தயாரித்து பேட்டரிக்கு அனுப்பும். பிரேக் பிடிக்காவிட்டால் அப்படித் திரும்ப வரும் மின்சாரமும் குறைவு. ஏறக்குறைய எல்லா வேலையையும் இன்ஜினே பார்க்கிறது. காவேரிப்பட்டினம் வழியாக தர்மபுரி போய்த் திரும்பினால் இரண்டு வண்டிக்கும் உள்ள இடைவெளி சுருங்குவது மீட்டரிலேயே தெரியும்.

மேடு பள்ளத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூர் போவதற்குள் ரோடு ஏறக்குறைய 400 மீட்டர் உயர்கிறது. ஆள் ஏறிய ஒன்றரை டன் வண்டியை அந்த உயரத்துக்குத் தூக்கவே சுமார் 1.6 யூனிட் வேண்டும். பேட்டரி கொள்ளளவில் இரண்டு மடங்குக்கும் மேல்! ஏறும்போது மைலேஜ் விழும், இறங்கும்போது எகிறும். போகும்போது மட்டும் பார்த்து வண்டியைத் திட்டுவதும், வரும்போது மட்டும் பார்த்துப் புகழ்வதும் இரண்டுமே தப்பு. போய்வந்த கணக்குதான் கணக்கு.

தர்மபுரி - சேலம் ரோட்டில் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் நான் பார்ப்பது மைலேஜை அல்ல. இறக்கம் நீண்டால் அந்தச் சின்ன பேட்டரி நிரம்பிவிடும். அதற்குப் பிறகு மோட்டார் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. அங்கே லீவரை 'B'-யில் (பார்க்கிங்குக்கான 'P' அல்ல) போட்டால் இன்ஜின் இரைச்சலோடு வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். ஸ்மார்ட்டில் கீழ் கியரில் இறங்கலாம். வாங்கப் போகிறவர் இதை ஒருமுறையாவது பகலில், ஷோரூம் ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்து பழக வேண்டும். அந்தக் கணவாயில் லாரிகள் பிரேக் பிடிக்காமல் எத்தனை உயிர் போயிருக்கிறது என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அப்புறம் பணம். விலை வித்தியாசம் 3 லட்சம், பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஊருக்குள் லிட்டருக்கு ஸ்மார்ட்டின் 15 கி.மீ.-க்கு எதிராக ஸ்ட்ராங்கில் 22 கிடைத்தால் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் மிச்சம். போட்ட பணம் 1.4 லட்சம் கி.மீ.-ல் திரும்பும். ஹைபிரிட் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1.6 லட்சம் கி.மீ. வாரண்டி இருப்பதால் அது நியாயமான கணக்கு. ஹைவேயில் 17-க்கு எதிராக 20 மட்டும் என்றால் 3.4 லட்சம் கி.மீ. ஓட்ட வேண்டும். மாதம் இரண்டு முறை சேலம், திருவண்ணாமலை போய்வரும் குடும்பத்துக்கு அது கட்டுப்படியாகாது, ஸ்மார்ட் போதும். விலையை ஒப்பிடும்போது ஸ்மார்ட்டின் ஆட்டோமேட்டிக்கோடு ஒப்பிடுங்கள், ஏனென்றால் ஸ்ட்ராங்கில் கிளட்ச் வண்டியே கிடையாது.

டிக்கியையும் திறந்து பாருங்கள். பேட்டரி அங்கே இடம் பிடிப்பதால் ஸ்மார்ட்டில் 373 லிட்டர் இருப்பது ஸ்ட்ராங்கில் 265 ஆகிவிடுகிறது. மாங்காய் சீசனில் தோட்டத்திலிருந்து கூடை ஏற்றுபவர்கள் ஒரு கூடையைக் கையோடு கொண்டுபோய் வைத்தே பார்த்துவிடலாம்.