நாஞ்சில் நாட்டுச் சொத்து வழக்குக்குத் தீர்ப்பு தேட எது நல்லது: பழைய புத்தக அலமாரியா, இலவச இணையத் தளமா, சந்தாத் தளமா?

மதுரையில் ஒரு பாகப்பிரிவினை வழக்கு வந்தால் இந்து வாரிசுரிமைச் சட்டம், தமிழ்நாட்டுத் திருத்தம், உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்று நேராகப் போய்விடலாம். அதே வழக்கு நாகர்கோவிலிலோ குழித்துறையிலோ வந்தால் முதலில் ஒரு தேதியைக் கேட்க வேண்டும். சொத்துக்காரர் இறந்தது 1956 நவம்பர் 1-க்கு முன்னாலா, பின்னாலா? அன்றுதான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் (இன்றைய கன்னியாகுமரி மாவட்டம்) சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அதற்கு முன் திருவிதாங்கூர்-கொச்சி, 1949 ஜூலைக்கு முன் திருவிதாங்கூர். மாநில மறுசீரமைப்புச் சட்டத்தின் 119-ஆம் பிரிவு, பழைய சட்டங்களை மாற்றும்வரை அவை அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட்டது. அதனால் எங்கே தேடுவது என்ற கேள்விக்கு இங்கே மற்ற மாவட்டங்களைவிடக் கனம் அதிகம்.

இலவசத் தளங்களிலிருந்து தொடங்குகிறேன், எல்லோரும் தொடங்குவது அங்கேதான். 2008 முதல் இருக்கும் இந்தியன் கானூன் இல்லாமல் இன்று எந்த ஜூனியரும் ஒரு நாளை ஓட்ட முடியாது. இரண்டு சொல்லைத் தட்டினால் தீர்ப்பு வருகிறது, அதைப் பின்னால் எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்துக்காட்டின என்பதும் வருகிறது. உச்ச நீதிமன்றமும் 2023 ஜனவரியில் இ-எஸ்.சி.ஆர். தளத்தைத் திறந்து, தன் அதிகாரபூர்வத் தீர்ப்புத் தொகுதிகளைக் காசில்லாமல் படிக்கக் கொடுத்துவிட்டது. சந்தா கட்ட வழியில்லாத ஒரு வக்கீலுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று பட்டவர்களுக்குத் தெரியும்.

ஆனால் தேடுபெட்டிக்கு மாநில எல்லை தெரியாது. நான் ஜூனியராக இருந்தபோது விளவங்கோடு பக்கத்தில் ஒரு தரவாட்டின், அதாவது தாய்வழிக் கூட்டுக்குடும்பத்தின், சொத்து வழக்குக்கு அழகான தீர்ப்பொன்றைக் கண்டுபிடித்தேன். கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பு. தரவாட்டுச் சொத்து 1976 டிசம்பர் 1 முதல் கூட்டுச் சொத்தாக இல்லை, ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பங்கு என்று தெளிவாகச் சொன்னது. எழுத்துவாதத்தில் சேர்த்துச் சீனியரிடம் நீட்டினேன். வாசித்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "மக்ளே, இது எந்தச் சட்டசபை போட்ட சட்டம்?" அது கேரளம் 1975-இல் இயற்றிய கூட்டுக்குடும்ப ஒழிப்புச் சட்டம். அதற்கு 19 வருடம் முன்பே நாம் அந்தப் பக்கத்தை விட்டு வந்துவிட்டோம். தரவாடு, மருமக்கத்தாயம் (தாய்வழி வாரிசுமுறை) என்று சொற்கள் எல்லாம் ஒன்றாக இருந்ததால் தளம் அதை முதல் வரிசையில் காட்டியிருக்கிறது. குற்றம் தளத்தின் மேல் இல்லை. தீர்ப்பை எடுக்குமுன் அதன் அடியில் எந்தச் சட்டம் இருக்கிறது, அது நம் தாலுகாவுக்குச் செல்லுமா என்று பார்க்காதது என் தவறு.

சந்தாத் தளங்கள் என்றால் எஸ்.சி.சி. ஆன்லைன், மனுபத்ரா. இவற்றில் ஹெட்நோட், அதாவது தீர்ப்பின் தலையில் பதிப்பாளர் தரும் சுருக்கம், இருக்கும், ஒரு தீர்ப்பு பின்னால் மாற்றப்பட்டதா என்ற குறிப்பு இருக்கும். நீதிபதி எழுதிய தீர்ப்பு வாசகம் யாருக்கும் சொந்தமில்லை, பதிப்பாளர் தன் உழைப்பில் சேர்த்ததற்குத்தான் உரிமை என்பதை உச்ச நீதிமன்றம் 2007-இல் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் தெளிவாக்கியது. நாம் சந்தா கட்டுவதும் அந்தச் சேர்க்கைக்குத்தான். நேரம் மிச்சமாகும், சந்தேகமில்லை. ஆனால் ஹெட்நோட்டை மட்டும் வாசித்துவிட்டு வாதாடப் போகிற பழக்கமும் அங்கேதான் வருகிறது.

தந்தை சொத்தில் மகளுக்கும் சம பங்கு கேட்டு மேரி ராய் போட்ட வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1986 பிப்ரவரி 24-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. 1951 ஏப்ரல் 1 முதல் திருவிதாங்கூர்க் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் இல்லை, 1925-ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் என்பது அதன் சாரம். சுருக்கம் வாசித்தவருக்கு இவ்வளவு போதும். ஆனால் கட்சிக்காரரின் தாத்தா 1951-க்கு முன்பே இறந்திருந்தால்? அப்போது பழைய சட்டம்தான் பேசும். அதன்படி உயில் இல்லாத சொத்தில் மகளுக்கு ஸ்திரீதனம் மட்டுமே: மகன் பங்கில் கால்வாசி அல்லது 5000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. சரி, அதோடு முடிந்ததா? இல்லை. ஆணும் பெண்ணும் சமமாகப் பங்கு வைக்கும் வழக்கம் உள்ள லத்தீன் ரீதிக் கத்தோலிக்கர் சிலருக்கும், நெய்யாற்றின்கரை முதலிய தாலுகாக்களின் புராட்டஸ்டண்டுகள் சிலருக்கும் அந்த விதி பொருந்தாது என்று அதே சட்டத்தில் விலக்கு இருக்கிறது. கடலோரக் குடும்பம் ஒன்றின் வழக்கே இந்த விலக்கில் திரும்பலாம். முழு வாசகத்தைப் பொறுமையாக வாசித்தவருக்குத்தான் அது கண்ணில் படும். ஒரு மகளுடைய பங்கு இப்படி யாரோ வாசிக்காமல் விட்ட பத்தியில் போய்விடக் கூடாது என்பதுதான் என் கவலை.

இனி அலமாரி. திருவிதாங்கூர் லா ரிப்போர்ட்ஸ், பழைய ரெகுலேஷன் (மன்னர் காலச் சட்டம்) தொகுதிகள், ஏ.ஐ.ஆர். என்கிற ஆல் இந்தியா ரிப்போர்ட்டரின் திருவிதாங்கூர்-கொச்சிப் பகுதி. நாயர் சட்டமும் ஈழவர் சட்டமும் 1100, நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் 1101. இவை கொல்லம் ஆண்டுகள், அதாவது மலையாள ஆண்டுக் கணக்கு. ஆவணி முதல் டிசம்பர் வரை 824-ஐயும், ஜனவரிக்கு மேல் 825-ஐயும் கூட்டினால் ஆங்கில வருடம் வரும். கிறிஸ்தவச் சட்டத்தின் 1092 அப்படித்தான் 1916 ஆகிறது. இணையத்தில் தேடும்போது இரண்டு வருடங்களையும் போட்டுப் பார்க்க வேண்டும், ஒன்றில் சிக்காதது மற்றதில் சிக்கும். நான் தேடிய திருவிதாங்கூர்த் தீர்ப்புகளில் பல எந்தத் தளத்திலும் கிடைக்கவில்லை. மூத்த வக்கீல்களின் அலுவலக அலமாரியில் கிடைத்தன. நம் ஊர் ஈரத்தில் அந்தத் தாள்கள் ஒட்டிக்கொள்கின்றன, பூச்சி அரிக்கிறது. யாராவது பழைய புத்தகங்களை எடைக்குப் போடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டால் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள்.

சாட்ஜிபிடி போன்றவற்றிடம் தீர்ப்பு கேட்பதை நான் இந்த வரிசையில் வைக்கவில்லை. இல்லாத வழக்குகளை அது உண்டாக்கிக் கொடுத்ததை அப்படியே தாக்கல் செய்ததற்காக 2023 ஜூனில் நியூயார்க் வக்கீல்கள் 5000 டாலர் அபராதம் கட்ட நேர்ந்தது. கொல்லம் ஆண்டுச் சட்டத்தில் அதை நம்பி இறங்குவது இன்னும் ஆபத்து.

என் முறை இதுதான். தேதியையும் தாலுகாவையும் முதலில் எழுதிக்கொள்வேன். 1956-க்குப் பிந்தியது என்றால் இலவசத் தளத்தில் தேடி, இ-எஸ்.சி.ஆரில் வாசகத்தைச் சரிபார்த்து, தீர்ப்பு இன்னும் நிற்கிறதா என்பதற்கு மட்டும் சந்தாத் தளத்துக்குப் போவேன். தனியாகச் சந்தா கட்ட முடியாதவர்களுக்கு நூலகத்தில் இருக்கிற இணைப்பே இதற்குப் போதும். அதற்கு முந்தியது என்றால் முதலில் அலமாரி, அப்புறம்தான் கணினி. பழைய தொகுதியைப் பிரித்தால் வேண்டிய பக்கத்தை மட்டும் படம் எடுக்காதீர்கள். முகப்புப் பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். தொகுதி எண்ணும் வருடமும் இல்லாத ஒற்றைத் தாளை எந்த நீதிபதியும் கையில் வாங்க மாட்டார்.